டைனமோவா? பேட்டரியா? ஒரு பழைய மாணவனுக்குப் பதில்



போன வாரம் ஒரு போன் வந்தது. 1994-ல் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது சென்னையில் இருக்கிறான். வருகிற ஜனவரியில் நண்பர்கள் நாலு பேரோடு சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகப்போகிறானாம். எழுநூறு கிலோமீட்டர் சொச்சம், ஐந்து நாள். வெயில் ஏறுவதற்குள் பாதி தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்று தினமும் விடிகாலை மூன்றரை மணிக்கே கிளம்பத் திட்டம்.

"சார், லைட்டுக்கு டைனமோ போடலாமா, பேட்டரியே போதுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்கதான் எங்களுக்கு டைனமோவைப் பிரிச்சுக் காட்டினீங்க. நீங்களே சொல்லிடுங்க" என்றான்.

"யோசிச்சுச் சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். இதே கேள்வியை 1979-ல் ஒருவர் என்னிடம் கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் சொன்னேன். அந்தப் பதில் தப்பு. அதற்கான விலையைக் கொடுத்தது அவர், நான் இல்லை. அதனால்தான் இந்த முறை போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளுக்கு விளக்கு வேண்டும் என்ற எண்ணம் மின்விளக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது. முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சாப்பாட்டுத் தட்டுப் போலவும் இருந்த பழைய சைக்கிள் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிக்கு இங்கிலாந்தில் 1879-ல் ஓர் எண்ணெய் விளக்கு வந்தது. சக்கரத்தின் நடுவில், போக்ஸ் கம்பிகளுக்கு இடையே, அச்சில் தொங்கும் விளக்கு. பெயர் 'கிங் ஆஃப் தி ரோடு', சாலையின் ராஜா. செய்தவர் ஜோசப் லூகாஸ். பர்மிங்ஹாம் நகரத் தெருக்களில் தள்ளுவண்டி வைத்து மண்ணெண்ணெய் விற்று முன்னுக்கு வந்தவர். சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலையின் பெயரில் இருக்கும் லூகாஸ் இவர்தான். உங்களில் இரண்டு மூன்று பேர் அங்கே வேலை பார்த்திருக்கிறீர்கள். உங்கள் சம்பளச் சீட்டில் இருந்த பெயர் ஒரு சைக்கிள் விளக்கில் பிறந்தது.

எண்ணெய் விளக்கு வழியைக் காட்டியதைவிட ஆள் வருவதைக் காட்டியதுதான் அதிகம். பள்ளத்தில் இறங்கினால் குலுங்கும், காற்றடித்தால் அணையும். 1891 செப்டம்பரில் பிரான்சில் ஒரு போட்டி நடந்தது. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும், 1,200 கிலோமீட்டர். வென்ற ஷார்ல் தெரோன் 71 மணி நேரத்துக்கும் மேல் தூங்காமல் மிதித்தார். இடையில் வந்த இரவுகளை அவர் கடந்த காலத்தில் மின்விளக்கு சைக்கிளுக்கு வரவில்லை, கார்பைடு விளக்குகூட வரவில்லை.

அந்தக் கார்பைடு அடுத்த ஆண்டே கிடைத்தது. 1892-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் என்பவர் மின்சார உலையில் அலுமினியம் எடுக்கப் பார்த்தார். அலுமினியம் வரவில்லை, கால்சியம் கார்பைடு வந்தது. மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே, அதே கல்தான். அதன்மேல் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு வரும். பற்றவைத்தால் பளீரென்று வெள்ளை வெளிச்சம். விளக்கின் மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கல், நடுவில் சொட்டை அளக்க ஒரு திருகு. எண்ணெய் விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம். ஆனால் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கீழ் அறையில் சேர்ந்த சுண்ணாம்புச் சேற்றைச் சுரண்டிக் கழுவ வேண்டும். குளிர்நாட்டில் தண்ணீர் உறைந்துபோகும். ஊர் ஊராகப் போகிறவன் கல்லையும் சுமக்க வேண்டும். ஆக, வெளிச்சத்தைக் கூடவே சுமந்துகொண்டு போவதா, போகிற வழியிலேயே உண்டாக்கிக்கொள்வதா என்ற கேள்வி அப்போதே சைக்கிள்காரன் முன்னால் வந்து நின்றுவிட்டது. இன்றைக்கு என் மாணவன் கேட்டதும் அதையேதான்.

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் 1923-ல், ஒரே ஆண்டில், உலகத்தின் இரண்டு மூலைகளிலிருந்து வந்தன.

முதல் பதில் ஜப்பானின் ஒசாகாவிலிருந்து. மட்சுஷிடா கோனோசுகே ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்கு வந்தவர். சிறு வயதில் சில ஆண்டுகள் சைக்கிள் கடையில் எடுபிடியாக இருந்தார். பிறகு சொந்தமாகச் சின்னதாய் ஒரு மின்சாமான் பட்டறை வைத்தார். அந்தக் காலத்தில் ஜப்பானிய சைக்கிள்காரர்கள் மெழுகுவர்த்தி விளக்கையும் எண்ணெய் விளக்கையும் வைத்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பேட்டரி விளக்கு இருந்தது, ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மட்சுஷிடா மாதக்கணக்கில் மாதிரிகளைச் செய்து செய்து பார்த்து, துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் ஒரு விளக்கை உருவாக்கினார். ஒரு பேட்டரியில் 30 முதல் 50 மணி நேரம் எரிந்தது.

மொத்த வியாபாரிகள் ஒருவரும் வாங்கவில்லை. "பேட்டரி விளக்கா? பார்த்தாயிற்று, போ" என்கிற கதைதான். அவர் என்ன செய்தார் தெரியுமா? சில்லறைக் கடை கடையாகப் போய் விளக்குகளை இலவசமாகக் கொடுத்து, அதில் ஒன்றை எரியவிட்டுவிட்டு வந்தார். சொன்ன நேரம் எரிந்தால் காசு கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்றார். கடைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். விளக்கு அணையவே இல்லை. 1927-ல் அடுத்த மாதிரியாகச் சதுர விளக்கு வந்தபோது பத்தாயிரம் விளக்குகளை இலவசமாகவே கொடுத்தார். அந்தச் சதுர விளக்குக்கு அவர் வைத்த பெயர் 'நேஷனல்'. உங்கள் வீடுகளில் ஒரு காலத்தில் துணி போட்டு மூடி வைத்திருந்த நேஷனல் பானசோனிக் டேப் ரிக்கார்டரின் அதே நேஷனல். அந்த நிறுவனத்தை முதலில் தூக்கி நிறுத்திய பொருள்களில் சைக்கிள் விளக்கும் ஒன்று.

இரண்டாவது பதில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்திலிருந்து. ராபர்ட் பாஷ் நிறுவனம் மோட்டார் வண்டிகளின் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ செய்து பேர் வாங்கியிருந்தது. காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்து மின்சாரம் எடுக்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்த கலை. 1923-ல் சைக்கிளுக்கான டைனமோ விளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். சைக்கிள் டைனமோ முயற்சிகள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் பெரிய தொழிற்சாலை ஒன்று இறங்கிச் செய்தபோதுதான் அது சாதாரண மனிதனின் சைக்கிளுக்கு வர வழி பிறந்தது.

டைனமோவின் பாடம் உங்களுக்கு மறந்திருக்காது என்று நம்புகிறேன். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டது. கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் சுருளில் மின்னோட்டம் வரும். அசையாவிட்டால் வராது. சைக்கிள் டைனமோவில் புட்டிபோன்ற கூட்டுக்குள் ஒரு நிரந்தரக் காந்தம். அதன் தலையில் இருக்கும் வரிவரியான சின்னச் சக்கரம் டயரில் உரசும். டயர் சுற்றினால் காந்தம் சுற்றும். பிறகு பல ஆண்டுகள் நிலைத்த அளவு 6 வோல்ட், 3 வாட். முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட்.

அதற்குள் ஓர் அழகு உண்டு. வேகம் கூடினால் மின்சாரம் ஏறிக்கொண்டே போய் பல்பு வெடிக்க வேண்டுமே, ஏன் வெடிப்பதில்லை? வேகம் கூடக் கூட மின்னோட்டம் திசை மாறும் வேகமும் கூடும். அந்த மாற்றத்தைச் சுருளே எதிர்த்து நிற்கும். அதனால் மின்னோட்டம் அரை ஆம்பியர் அளவில் கட்டுப்பட்டுவிடும். தனக்குத் தானே கடிவாளம். ஆனால் பின் பல்பு ஃபியூஸ் போனால் அதன் பங்கும் முன் பல்புக்கே போகும். இறக்கத்தில் வேகமாகப் போனால் அதுவும் பட்டென்று போய்விடும். ஒன்று போனால் இரண்டும் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நம் பக்கம் டைனமோ எப்படி வந்தது? 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற இங்கிலாந்துப் பெயர்கள் நம் தெருக்களில் ஓடின. விளக்குக்கு மில்லர். என் அப்பா தலைமுறையில் மில்லர் டைனமோ போட்ட சைக்கிள் என்றால் அது ஒரு கௌரவம். மாப்பிள்ளைக்குச் சைக்கிள் கொடுக்கிற வீட்டில் "டைனமோ லைட்டோடவா?" என்று கேட்பார்கள்.

அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறதா? குனிந்து கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் டைனமோ டயரில் போய் ஒட்டிக்கொள்ளும். உடனே பெடல் கனக்கும். 'கிர்ர்ர்' என்று ஒரு ராகம். சாதாரணமாக மிதிக்கிற ஒரு மனிதனின் கால் தருவதே சுமார் 75 வாட். உரசும் டைனமோவில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். அதனால் 3 வாட் வெளிச்சத்துக்குக் கால் எட்டு, பத்து வாட் கொடுக்க வேண்டியிருக்கும். மழை பெய்தால் டயரில் வழுக்கி வெளிச்சம் கண்சிமிட்டும். டயர் ஓரம் தேயும்.

ஆனாலும் டைனமோவையே விரும்பினோம். காரணம் எளிது. கால் வலித்தால் ராத்திரி படுத்தால் சரியாகிவிடும். பேட்டரிக்கட்டை தீர்ந்தால் கடைக்குத்தான் போக வேண்டும். தீர்ந்த கட்டையை வெயிலில் காயவைத்து, ஓட்டின்மேல் அடுக்கி, இன்னும் இரண்டு ராத்திரி ஓட்டிய வீடுகள் நம்முடையவை. டார்ச்சை அவசியம் இல்லாமல் அடித்தால் பாட்டி திட்டுவாள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு, மிதித்தால் இலவசமாய் வெளிச்சம் என்பது வரம்.

அந்த வரத்தின் மயக்கத்தில்தான் 1979-ல் அந்தப் பதிலைச் சொன்னேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, இருபத்தைந்து வயது. எங்கள் பள்ளியில் ஒரு தமிழையா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உங்களில் மூத்தவர்கள் பலர் அவரிடம் படித்தவர்கள், அதனால் பெயர் வேண்டாம். அவருடைய மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மே மாத விடுமுறையில் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போய்வரலாம் என்று இருவரும் கிளம்பினோம். சாயங்காலம் கிளம்பி இரவில் மிதித்தால் வெயில் இல்லை.

கிளம்பும்போது அவர் ஒரு டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இதைக் கேரியர்ல பின்பக்கம் பாக்கிற மாதிரி கட்டிக்கவா? டைனமோவே போதுமா?" என்று கேட்டார்.

நான் இயற்பியல் ஆசிரியன் அல்லவா? சிரித்தேன். "ஐயா, டைனமோ இருக்கும்போது பேட்டரிக்கு எதுக்குக் காசு? முன்னாலயும் எரியுது, பின்னாலயும் எரியுது. வெச்சுட்டு வாங்க" என்றேன். அவர் டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். அறிவியல் படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்.

திருவாரூரைத் தாண்டி ஓர் இடம். நிலா இல்லை. இரண்டு பக்கமும் புளியமரம். அவருடைய வண்டியில் செயின் கழன்றுவிட்டது. ஓரமாக நிறுத்தி இறங்கினார். நான் கவனிக்காமல் ஐம்பது கெஜம் முன்னால் போய்விட்டேன். சக்கரம் நின்றது, அவருடைய இரண்டு விளக்கும் அணைந்தன. மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தது. ஆனால் கேரியரில் கட்டியிருந்த பை தொங்கி அதை மறைத்திருந்தது. பின்னால் லாரி வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது எனக்கு அவர் தெரியவில்லை. ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

லாரி அவர்மேல் ஏறவில்லை. ஹேண்டில்பாரில் இடித்துத் தள்ளியதில் வாய்க்காலில் போய் விழுந்தார். இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அந்த டிரைவர் ஓடிப்போகவில்லை. அவரே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். "ரெண்டு லைட்டு தெரிஞ்சுது சார். அப்புறம் ஒண்ணுதான் தெரிஞ்சுது. இன்னொருத்தர் வயக்காட்டுப் பக்கம் திரும்பிப் போயிட்டார்னு நெனச்சேன் சார்."

அந்த வார்த்தைகளை நான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். விளக்கே இல்லாத சைக்கிளைவிட, எரிந்து அணைந்த சைக்கிள் ஆபத்தானது. விளக்கு இல்லாதவனைப் பற்றி டிரைவருக்கு ஒன்றும் தெரியாது, எதற்கும் பார்த்தே வருவான். எரிந்து அணைந்தால் அங்கே ஆள் இல்லை என்று நிச்சயமாக நினைத்துவிடுவான்.

ஐயா அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அந்தக் காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தார். ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. கட்டுப் பிரித்துப் பள்ளிக்கு வந்த அன்று ஆசிரியர் அறையில் என்னிடம் சொன்னார்: "தம்பி, டைனமோ பாடத்துல அந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிடுங்க."

என் வகுப்பில் உட்கார்ந்த எல்லோருக்கும் இது ஞாபகம் இருக்கும். பாடத்தின் கடைசியில் "சக்கரம் நின்றால்?" என்று கேட்பேன். "இருட்டு சார்!" என்று வகுப்பே கத்தும். பக்கத்து வகுப்பிலிருந்து புகார்கூட வந்திருக்கிறது. ஏன் அப்படிக் கத்த வைத்தேன் என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

பிற்காலத்தில் புத்தகங்களைத் தேடிப் படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. டைனமோவின் இந்தக் குறையை நாங்கள் வேளாங்கண்ணிக்குக் கிளம்புவதற்கு வெகுகாலம் முன்பே வெளிநாட்டில் கவனித்திருந்தார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருந்த ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1930களிலேயே டயரில் உரசாத டைனமோவைச் செய்துவிட்டது. பெயர் 'டைனோஹப்'. முன்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே காந்தமும் சுருளும். சத்தம் இல்லை, மழையில் வழுக்காது, டயர் தேயாது. போருக்குப் பிறகு வந்த 6 வோல்ட், 2 வாட் மாதிரி 1984 வரை உற்பத்தியானது. அதோடு சேர்த்துப் பூட்ட ஒரு குழாயும் விற்றார்கள். அதற்குள் சாதாரண பேட்டரிக்கட்டைகள். சக்கரம் நின்றால் விளக்கு தானாகப் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். டைனமோவின் குறையை டைனமோ செய்தவர்களே ஒப்புக்கொண்டு, பேட்டரியைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள்!

அதே இங்கிலாந்தில் இன்னொரு வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளுக்குப் பின்விளக்கு வேண்டுமா வேண்டாமா என்று. சைக்கிள் பயணிகளின் சங்கமான சைக்ளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்பே அதை எதிர்த்தது. அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முன்னால் இருப்பதைப் பார்த்து ஓட்டுவது மோட்டார்காரனின் கடமை. நாங்கள் விளக்கு வைக்க வேண்டும் என்றால் பழி எங்கள்மேல் விழும் என்றார்கள். 1939-ல் போர் வந்தது. குண்டு விமானங்களுக்குப் பயந்து ஊரெல்லாம் விளக்கணைப்பு. சாலை விபத்துகள் கூடின. அந்த இருட்டில் பின்விளக்கு கட்டாயமானது. பேட்டரிக்கோ பெரும் தட்டுப்பாடு. போர் முடிந்த 1945-ல் பின்விளக்கை நிரந்தரக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது.

இந்த வழக்கிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. சைக்கிள் விளக்கு என்று ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் வேலை இரண்டு. முன்விளக்கு நாம் பார்ப்பதற்கு. பின்விளக்கு நம்மைப் பார்ப்பதற்கு. பார்க்கிற வேலை ஓடும்போதுதான் தேவை, நின்றுவிட்டால் பள்ளம் நம்மிடம் வராது. பார்க்கப்படுகிற வேலை நிற்கும்போதுதான் இன்னும் அதிகமாகத் தேவை. டைனமோ முதல் வேலைக்கு அருமையான ஆள். இரண்டாவது வேலைக்கு அதை மட்டும் நம்பினால் ஆபத்து. 1979-ல் இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் தப்பு.

சட்டங்கள்கூட இதில் மெதுவாகத்தான் நகர்ந்தன. ஜெர்மனியில் 2013 வரை சாதாரண சைக்கிளுக்கு டைனமோ கட்டாயம். 11 கிலோவுக்குக் குறைந்த பந்தய சைக்கிளுக்கு மட்டும் விலக்கு. பேட்டரி என்றால் ஆள் மறந்துவிடுவான், தீர்ந்துவிடும், டைனமோ என்றால் எப்போதும் வண்டியோடு இருக்கும் என்பது இந்த முறையில் இருந்த நன்மை. 2013-ல்தான் பேட்டரி விளக்கு எல்லாருக்கும் அனுமதியானது.

இதற்கிடையில் நின்றால் இருட்டு என்ற குறைக்கும் மருந்து வந்துவிட்டது. பின்விளக்குக்குள் விரல்நுனி அளவு ஒரு மின்தேக்கி. ஓடும்போது அது மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துக்கொள்ளும். நின்றதும் சில நிமிடங்கள் விளக்கை எரியவிடும். சிக்னலில் நிற்க, செயினை மாட்ட அது போதும். அந்த மின்தேக்கிக்கு 'கோல்டு கேப்' என்று ஒரு வியாபாரப் பெயர் உண்டு. யாருடைய பெயர் தெரியுமா? ஒசாகாவில் பேட்டரி விளக்கு விற்றாரே, அந்த மட்சுஷிடாவின் நிறுவனம் வைத்த பெயர். டைனமோவின் குறையைத் தீர்த்ததில் பேட்டரிக்காரருக்கும் பங்கு இருக்கிறது. மின்தேக்கியை அளக்கும் அலகு என்ன? ஃபாரட். அதுவும் ஃபாரடேயின் பெயர்தான். வகுப்பில் இருந்தால் ஒரு கைதட்டல் வாங்கியிருப்பேன்.

கடைசியாக இரண்டு கண்டுபிடிப்புகள் இந்தத் தராசையே மாற்றிவிட்டன. 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1993-ல் ஜப்பானில் நகமுரா ஷூஜி பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்துகாட்டினார். அதிலிருந்து வெள்ளை எல்.இ.டி. பிறந்தது. நீல எல்.இ.டி.க்கு 2014-லும் லித்தியம் பேட்டரிக்கு 2019-லும் நோபல் பரிசு கிடைத்தது. பழைய இழை பல்பு மஞ்சளாய் அழுத அதே 2.4 வாட்டில் எல்.இ.டி. பல மடங்கு வெளிச்சம் தருகிறது. டைனமோவும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் துய்பிங்கனில் வில்ஃப்ரீட் ஷ்மிட் என்பவர் 1990களில் செய்த ஹப் டைனமோ, காலுக்குக் கனமே தெரியாத அளவுக்கு மெருகேறியது. இன்று நீண்ட பயணக்காரர்கள் பலர் அதைத்தான் தேடுகிறார்கள்.

சரி, இப்போது என் மாணவனுக்குப் பதில். கணக்குப் போட்டே சொல்கிறேன்.

தம்பி, நல்ல லித்தியம் கட்டை ஒன்றில் சுமார் 10 வாட் மணி மின்சாரம் இருக்கும். 3 வாட் விளக்கு அதில் மூன்று மணி நேரம் எரியும். நீ மூன்றரைக்குக் கிளம்பினால் ஜனவரியில் ஆறேகால், ஆறரைக்கு வெளுத்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு கட்டை. ராத்திரி லாட்ஜில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். உன் பயணத்துக்கு முன்விளக்கு பேட்டரியே போதும். இரண்டு கட்டை போடுகிற விளக்காக, அல்லது கூட ஒரு கட்டையாக வாங்கிக்கொள். டைனமோ ஹப் போட முன்சக்கரத்தையே புதிதாகக் கோர்க்க வேண்டும், ஐந்து நாளைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

ஆனால் இதே ஆசை உனக்கு வளரும் என்று எனக்குத் தெரிகிறது. சென்னையிலும் கோவையிலும் 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை இரவு பகலாக ஓட்டுகிறார்கள். நான் மேலே சொன்ன பாரிஸ் பிரெஸ்ட் பயணம் இன்றும் நாலு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மூன்று இரவு, ஓர் இரவுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் 30 மணி நேர வெளிச்சம். அதே விளக்குக்கு ஒன்பது கட்டை வேண்டும், சார்ஜ் போட இடம் கிடையாது. அப்படி ஒரு பயணத்துக்குப் போகிற அன்று யோசிக்காமல் ஹப் டைனமோ போடு. எத்தனை இரவு ப்ளக் பாயிண்ட் இல்லாமல் இருக்கப்போகிறாய் என்று எண்ணிப் பார். ஒன்று, இரண்டு என்றால் பேட்டரி. அதற்கு மேல் என்றால் டைனமோ.

பின்விளக்கில் மட்டும் கணக்குப் பார்க்காதே. டைனமோ போட்டாலும் பேட்டரி போட்டாலும், முன்விளக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், தனிப் பேட்டரியில் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று போனால் இரண்டும் போகும் என்று மேலே சொன்னது நினைவிருக்கட்டும். முடிந்தால் இரண்டு மாட்டு, ஒன்று வண்டியில், ஒன்று முதுகில். பையைத் தொங்கவிட்டு ரிஃப்ளெக்டரை மறைக்காதே. வண்டி நின்றால் தார்ச் சாலையை விட்டு இறங்கு, அதன் பிறகு செயினைப் பார். கூட வருகிறவன் பின்தங்கினால் திரும்பிப் பார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐயா காலமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. நேற்று அவர் மகளிடம் போனில் பேசும்போது அந்தப் பெண் சொன்னாள்: "மாமா, அப்பா எங்க போனாலும் ஒரு டார்ச் எடுத்துக்கிட்டுத்தான் போவார். இயற்பியல் வாத்தியார் சொன்னாலும் கேக்கக்கூடாதும்மான்னு சிரிப்பார்."

சிரித்திருக்கிறார். அது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

தம்பி, கன்னியாகுமரி போய்ச் சேர்ந்ததும் ஒரு போட்டோ அனுப்பு. முகத்தைவிட எனக்குப் பின்விளக்கு தெரிய வேண்டும். எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கும் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு டைனமோ சைக்கிள் கதைகளைக் கீழே எழுதுங்கள். அதற்கு முன்னால் என் பழைய கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், பார்ப்போம்.

சக்கரம் நின்றால்?

அன்புடன்,
உங்கள் இயற்பியல் ஆசிரியர்